மீன் டிவி ஹேமலதா

ஹேமலதாவின் முகம் ஆரணியில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரலைத் தெரியாதவர்கள் குறைவு. காய்கறிக் கடையில் வாயைத் திறந்து கத்தரிக்காய் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்துகொண்டு பல நாள் விரலால் காட்டியே வாங்கி வந்துவிடுவாள்.

எட்டாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. அம்மாவுக்கு இடுப்பு விழுந்துபோய், அப்பாவின் தறிக்குத் தார் சுற்ற ஆள் இல்லாமல் போனது. தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கிற நூலைச் சுற்றிக்கொண்டே, அந்த நூலைக் கட்டி வந்த பழைய செய்தித்தாளை வாய்விட்டுப் படிப்பாள். தறியில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திப் படிக்கப் பழகியது அப்படித்தான். கல்யாணமாகி வந்த இடத்திலும் தறிதான் தொழில். கணவன் குமரேசன் வீடு வீடாகப் போய், தறியில் முடிந்த பாவு நூலோடு புதுப் பாவைப் பிணைப்பவன்.

தெருமுனையில் தசரதன் கேபிள் ஆபீஸ் வைத்திருந்தார். சினிமாவும் பாட்டுமாகப் போட்டுக்கொண்டிருந்த தன் சேனலில் ஊர் அறிவிப்புக்கென்று மத்தியானம் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். படிப்பதாக ஒப்புக்கொண்ட டீச்சர் முதல் நாளே வரவில்லை. அன்றைக்கு ஹேமலதா, வீட்டில் கேபிள் வரவில்லை என்று சொல்லப் போனவள், சொல்ல வெட்கப்பட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். யார், என்ன என்று கேட்காமலே தசரதன் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"இத்த கொஞ்சம் படிம்மா."

படித்தாள். பெரணமல்லூர் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துத் திருவிழா அறிவிப்பு அது. தசரதன் அவளை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு நாளையிலிருந்து வரச் சொன்னார். முகம் தெரியக் கூடாது என்று மட்டும் அவள் கேட்டாள். தசரதன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு கேமராவைத் தூக்கி, ஆபீஸ் மூலையில் இருந்த மீன் தொட்டிக்கு நேராக வைத்தார்.

அதோடு சேனலின் பெயரும் மாறிப்போயிற்று. தசரதன் ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தார். அது போர்டில் மட்டும் இருந்தது. ஊர் வாயில் அது மீன் டிவி.

காலையில் சீட்டுகள் வந்து சேரும். மின்தடை, கல்யாணம், காதுகுத்து, காணாமல் போன கன்றுக்குட்டி, காரியம், ரேஷன் கடைக்குச் சர்க்கரை வந்த சேதி. அவள் முன்கூட்டியே படித்துப் பதிவு செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் தசரதன் அதை ஓடவிடுவார். தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் அவள் ஆரம்பிக்கும் வாக்கியத்தை அடுத்த வீட்டில் முடிப்பாள். தலையைக் குனிந்துகொண்டு, தன் குரலுக்கு நடுவில், யாரோ மாதிரி நடந்து போவாள்.

அந்தச் சேனல் ஏன் அப்படி ஓடியது என்று அவளுக்குக் கடைசிவரை சரியாகப் புரியவில்லை. ஒருமுறை கேமரா ஒயர் கழன்று, பல நாள் திரையில் வெறும் நீலம் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஊரில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. போளூரிலிருந்து விருந்துக்கு வந்த யாரோதான் "என்னங்க, உங்க டிவி கெட்டுப் போயிருக்குதா" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் தறியில் இருந்தபடியே, நல்லாத்தானே பேசிகினு இருக்குது என்றாராம். தறியில் உட்கார்ந்தவன் கண் பாவில் இருக்கும், கை நாடாவில் இருக்கும். காது ஒன்றுதான் சும்மா இருக்கும். டிவி முதுகுக்குப் பின்னால் இருக்கும்.

கேட்பவர்கள் குறையத் தொடங்கியதும் அதே மாதிரி காரணம் தெரியாமல்தான். வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி மாட்டச் சொன்னார்கள், சேனல் நம்பர் எங்கோ எழுநூறு எண்ணூறில் போய் விழுந்தது, அதனால்தான் என்றார் தசரதன். விசைத்தறி வந்த பிறகு அந்தக் கடகடப்பில் யாருக்கு என்ன கேட்கும் என்றான் குமரேசன். எதிர்வீட்டு அபிதகுசாம்பாள் எல்லாம் சீரியல் செய்த வேலை என்றாள். நிறுத்திவிடு என்று யாரும் ஹேமலதாவிடம் சொல்லவில்லை. சீட்டுகள்தான் குறைந்தன. ஒருநாள் ஒரே ஒரு சீட்டு இருந்தது. அதுவும் தசரதன் கையெழுத்து. மறுநாள் அதுவும் இல்லை. அவள் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து தார் சுற்ற உட்கார்ந்தாள்.

வருஷங்கள் போயின. கொரோனாவில் ஊர் வந்த தசரதனின் மருமகன் ஜெயக்குமார் திரும்பச் சென்னைக்குப் போகவில்லை. கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மாமனார் ஆபீசிலேயே வேலை பார்த்தான். பரணில் தூசி படிந்து கிடந்த பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தவன், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இருபத்து நாலு மணி நேரமும் யூடியூபில் ஓடுகிற மாதிரி விட்டான். அதே மீன் தொட்டி, அதே குரல். மூலையில் 'பழைய பதிவு' என்று சின்னதாக எழுதி வைத்தான்.

முதலில் ஊரை விட்டுப் போன ஆரணிக்காரர்கள் வந்தார்கள். பெங்களூரிலிருந்தும் சூரத்திலிருந்தும் துபாயிலிருந்தும், எங்கள் தெருப் பெயர் வந்தது, எங்கள் மாமா கல்யாணம் வந்தது என்று எழுதினார்கள். பிறகு ஆரணி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள் வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி தன் குழந்தை இந்தக் குரலுக்குத்தான் தூங்குகிறது என்றாள். இன்னொருவர் அந்தச் சிவப்பு மீனுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். ஜெயக்குமார் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். ஹேமலதா கேட்டுக்கொண்டாள். ஆரணியில் மின்தடை என்று சொன்னால் கோயம்புத்தூர்க் குழந்தைக்கு ஏன் தூக்கம் வருகிறது?

உள்ளூரில் வேறு மாதிரிக் கூத்து. விசைத்தறி ஓட்டுகிறவர்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு இதைக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். போன் சட்டைப் பையில். மூலையில் எழுதியிருப்பதை எவன் பார்ப்பான்? நாளை காலை ஒன்பது மணி முதல் மின்தடை என்று குரல் சொன்னால் உடனே தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார்கள். ஒருவர் மொய்க் கவரோடு மண்டபத்துக்கே போய்விட்டார். அந்த மாப்பிள்ளையின் பையன் இப்போது பத்தாம் வகுப்பு.

"இன்னா ஹேமா, ஊரையே பேஜார் பண்றியாமே" என்று அபிதகுசாம்பாள் கேலி செய்தாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, நான்தானே என்று தோன்றி, ஹேமலதா தார் சுற்றப் போய்விட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு காலையில் ஜெயக்குமார் அவள் வீட்டு வாசலுக்கே போனோடு வந்தான்.

"அக்கா, கோகுல்ராஜுன்னு யாரையாவது தெரியுமா?"

தெரியும். பின் தெரு வேடியப்பன் மகன். தறியில் உட்கார மாட்டேன் என்று அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு வீட்டை விட்டுப் போனவன். வேடியப்பனே சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைப் படித்தது இப்போதும் நினைவிருந்தது. கோகுல்ராஜ், நீ எங்கிருந்தாலும் உடனே வீட்டுக்கு வரவும், உன் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார், உன்னை யாரும் எதுவும் கேட்க மாட்டோம், இப்படிக்கு அப்பா வேடியப்பன். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மெல்லக் கேட்டாள். எழுதியிருப்பதைப் படிம்மா என்றார் அவர். அன்றைக்கு வீடு திரும்பும்போது கோகுல்ராஜின் அம்மா பூங்காவனம் பெரியம்மாவின் வீட்டைக் கடந்தாள். உள்ளே ஹேமலதாவின் குரல் பூங்காவனத்தைப் படுக்கையில் போட்டுக்கொண்டிருந்தது. அதே வீட்டுக்குள் தறி ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியது பூங்காவனம்தான்.

பையன் வரவில்லை. அதன் பிறகு எத்தனையோ நடந்து, வேடியப்பன் போய்ச் சேர்ந்தே பல வருஷம் ஆகிறது.

அந்த அறிவிப்பு முந்தின நாள் மறுபடி ஓடியிருக்கிறது. சூரத்திலிருந்து ஒருவன், 'நான் கிளம்பிட்டேன், வீட்ல சொல்லிடுங்க' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே யாரோ, அண்ணா இது பழசு, மூலையில் பாருங்க என்று பதில் போட்டிருந்தார்கள். நெடுநேரம் கழித்து அவனே திரும்ப எழுதியிருந்தான்.

'எவ்ளோ பழசு? வீட்ல எல்லாரும் இருக்காங்களா?'

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஜெயக்குமார் பார்த்த உடனே, போன் நம்பர் அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறான். கோகுல்ராஜ் அதைப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

இரண்டு நாள் ரயில் பயணம். எங்கோ நடுவில் ஒருவன், அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். கேட்க ஆளில்லாமல் ஹேமலதாவின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறான். அறிவிப்பு பழசு என்று தெரிந்ததும் அவன் இறங்கித் திரும்பிப் போயிருந்தால்?

பூங்காவனத்தைப் பார்க்கப் போனாள். பூங்காவனம் தறியில் இருந்தாள். அறுபதைத் தாண்டியும் பாதி நாள் நெய்கிறவள். ஹேமலதா விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை நாடா ஓடிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் நின்றது. பூங்காவனம் அழவில்லை, சிரிக்கவுமில்லை. எந்த ரயிலில் வருகிறான் என்று கேட்டாள். தெரியாது என்றதும் தறிக்குழியிலிருந்து காலை எடுத்து மேலே வந்து, சுவரில் சாய்த்து வைத்திருந்த கயிற்றுக் கட்டிலைப் பார்த்தாள்.

"இத்த ஒரு கை புடி."

"எதுக்கு பெரிம்மா?"

"படுத்துக்கத்தான். நீ பாட்டுக்கு நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடாத. நல்லா இருக்கேன்னு தெரிஞ்சா பாதி வழியில எறங்கிடுவான். அவங்கப்பன் மாதிரியே ரோஷக்காரன்."

"பெரிப்பா போனது அவருக்குத் தெரியுமா?"

"யாரு சொல்லுவாங்க? வந்தா தெரிஞ்சிக்கட்டும். மொதல்ல வரட்டும்."

இருவருமாகக் கட்டிலை இறக்கினார்கள். பூங்காவனம் அதற்கு மேல் நல்ல போர்வை ஒன்றை விரித்து, ஓரத்தை நீவிவிட்டாள். பல வருஷத்துக்கு முன்னால் சொன்ன பொய்க்கு இப்போது படுக்கை போடுகிறாள் என்று ஹேமலதாவுக்குத் தோன்றியது. பெற்றவள் அவள். சீட்டைப் படித்தவள் நான். இதில் யார் சொல்வது நியாயம்?

ஆபீசுக்குத் திரும்பினால் ஜெயக்குமார் வேறு திட்டத்தில் இருந்தான். பையன் வந்து இறங்குவதை நேரலையில் காட்டினால் சேனல் எங்கேயோ போய்விடும் என்றான். தசரதன் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ எழுதினதெல்லாம் அவன் பார்க்கமாட்டாம்பா. தறிக்காரன் வீட்டுப் பையன். காதுலதான் வாங்குவான். ஹேமா, நீயே நேரா சொல்லிடும்மா."

அவள் நேராகச் சொன்னதே கிடையாது. எல்லாம் பதிவு. எல்லாம் யாரோ எழுதிக் கொடுத்த சீட்டு. அவள் தயங்குவதைப் பார்த்து தசரதனே ஒரு தாளை இழுத்து எழுதினார். அம்மா உடல்நிலை கவலைக்கிடம், உடனே வரவும் என்று எழுதியிருந்தது. இந்த மாதிரி அறிவிப்பை அப்படித்தான் எழுத வேண்டும், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பழைய ஓட்டத்தை நிறுத்தி ஜெயக்குமார் கேமராவைத் திருப்பினான். தொட்டியில் இப்போது வேறு மீன்கள். ஹேமலதா இருவரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து தசரதனின் சீட்டைப் பார்த்தாள். முதல் வார்த்தை வந்தது, அறிவிப்பு. இரண்டாவது வார்த்தை வரவில்லை. மீன்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. சூரத், துபாய், கோயம்புத்தூர் எல்லாம் அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவள் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"கோகுல்ராஜ். நேத்து கேட்டது பழைய அறிவிப்பு. உங்க அப்பா குடுத்தது. அப்பவே அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. இப்பவும் நல்லா இருக்காங்க, இன்னிக்குக் காலைல தறியில பார்த்தேன். அப்பா இல்லீங்க. போயி பல வருஷம் ஆச்சு. அம்மா நீங்க வரணும்னு இருக்காங்க. நீங்க வரலாம்."

கொஞ்சம் நிறுத்தி, வழக்கப்படி கடைசியில் ஒரு பெயர் சொல்ல வேண்டுமே என்று தோன்றி, "இப்படிக்கு, ஹேமலதா" என்றாள். அவள் பெயர் அந்தச் சேனலில் வந்தது அதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்தபோது ஜெயக்குமார் தலையில் கை வைத்திருந்தான். தசரதன் கவிழ்ந்து கிடந்த சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பூங்காவனம் பேச்சை மீறியாகிவிட்டது. இனி அவன் வந்தாலும் வராவிட்டாலும் தன் தலையில்தான். அந்த நாளும் அடுத்த நாளும் ஹேமலதா சுற்றிய தாரெல்லாம் தளர்ந்து போய், திரும்பச் சுற்ற வேண்டியிருந்தது.

மறுநாள் சாயங்காலம் பின் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. போகலாமா வேண்டாமா என்று நின்றுவிட்டு, எதிர்வீட்டுச் சந்தில் ஒதுங்கி நின்று பார்த்தாள். தோளில் ஒரு பை, முன்பக்கம் நரைக்க ஆரம்பித்த தலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகாமல் நின்றான். உள்ளே கட்டிலில் பூங்காவனம் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். இந்த வெக்கையில் நெற்றியெல்லாம் வேர்வை.

"எழுந்திரும்மா" என்றான் அவன். "நீ நல்லா இருக்கேன்னு மீன் டிவியில சொல்ட்டாங்க."

பூங்காவனம் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்து, முதலில் ஹேமலதாவைத்தான் திட்டினாள். அவளுக்கு என்ன அப்படி அவசரம், ஒரு நாள் பொறுக்கக் கூடாதா என்று. திட்டிக்கொண்டே மகன் கையைப் பிடித்தவள் பிறகு விடவே இல்லை.

இரண்டு நாள் கழித்து கோகுல்ராஜ் ஆபீசுக்கு வந்தான். ஜெயக்குமார் கேமராவைத் தொடப் போனதும் மாமனார் முறைத்தார். ஹேமலதா மீன் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேச ஆரம்பித்தான். அந்த முதல் அறிவிப்பை அப்போதே கேட்டிருக்கிறான். இதே ஆரணியில், ஒரு சிநேகிதன் வீட்டில் ஒளிந்துகொண்டு, அவர்கள் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

"அப்போ ஏன் வரல?" என்றாள் ஹேமலதா. இவ்வளவு நேராக அவள் யாரையும் கேட்டதில்லை.

"பொய்னு தெரியுங்க்கா. காலைலதான் அம்மா தண்ணி எடுத்துகினு போறத பார்த்தேன்."

"இப்போ?"

"இப்பவும் பொய்னுதான் நெனச்சேன்." அவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பாசியை விரலால் சுரண்டினான். "ஆனா இத்தன வருஷம் கழிச்சி அப்பா இன்னும் அதே பொய்ய சொல்லிகினு கீறாரேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் கிளம்பினேன்."

ஹேமலதாவின் கையில் துணி அப்படியே நின்றது. வீட்டில் எல்லாரும் இருக்கிறார்களா என்று அவன் கேட்டது நினைவுக்கு வந்தது. ஊரே அதை அவன் அம்மாவைத்தான் கேட்கிறான் என்று எடுத்துக்கொண்டது. அவளும்தான். ஓடுகிற ரயிலில், முன்பின் பார்க்காதவர்களுக்கு நடுவில், அவன் காதுக்குள் போய் அப்பா இல்லை என்று சொன்னது தன் குரல். சொல்லாமல் விட்டிருந்தால் ஊர்வரைக்கும் அப்பாவைப் பார்க்கிற நினைப்போடு வந்திருப்பான். அது நல்லதா? அவளுக்குத் தெரியவில்லை. எங்கே கேட்டீர்கள் என்றும் அவள் கேட்கவில்லை. அவனே சொன்னான். ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டானாம். வண்டி கிளம்பும்போது ஏறியிருக்கிறான். ஏன் ஏறினேன் என்று தெரியவில்லை என்றான். தெரியாமல் இருப்பதில் மட்டும் இருவரும் ஒரே நிலையில் இருந்தார்கள்.

ஜெயக்குமார் இனிமேல் குழப்பம் வராமல் அந்தப் பழைய அறிவிப்பை எடுத்துவிடலாம் என்றான். கோகுல்ராஜ் வேண்டாம் என்றான். அப்பா எழுதியதில் மிச்சம் அது ஒன்றுதான். கடைசியில் ஹேமலதா ஒரு வரி புதிதாகப் படித்துக் கொடுத்தாள். அதை அந்த அறிவிப்புக்குப் பின்னால் ஜெயக்குமார் ஒட்டினான். இது பழைய அறிவிப்பு, கோகுல்ராஜ் வந்துவிட்டார்.

பிறகு லீவு முடிந்து கோகுல்ராஜ் சூரத்துக்குப் போய்விட்டான். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, மீன் டிவியை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்த வரி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. வந்துவிட்டார், வந்துவிட்டார் என்கிறது. இப்போது அதுவும் உண்மையில்லை. மாற்றிப் படித்துவிடலாமா என்று கேட்க ஹேமலதா ஒருநாள் பின் தெருவுக்குப் போனாள்.

பூங்காவனம் தறியில் இருந்தாள். போன் முதுகுக்குப் பின்னால், அலமாரியில். அந்த வரி வருகிற நேரமாக இருந்தது. பூங்காவனம் நாடாவை நிறுத்திக் கையைத் தூக்கினாள், கொஞ்சம் இரு என்பதுபோல. வரி முடிந்ததும் தறி மறுபடி ஓடியது.

வந்த காரியத்தைக் கேட்காமலே ஹேமலதா திரும்பி நடந்தாள்.